விடுதலைக்கு மறுநாள்

பெயர் எழுதக்கூடாத ஊர், அஸ்ஸாம்
12 செப்டம்பர் 1944

மாப்பிள்ளை சடையனுக்கும் தங்கச்சி அத்தாயிக்கும் மாரியப்பன் எழுதுவது. கையும் காலும் ஒழுங்காக இருக்கின்றன. மலேரியா மாத்திரை தின்று தின்று உடம்புதான் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. அங்கே எல்லாரும் சுகமா? குழந்தை பாவாயிக்குச் சளி விட்டதா?

இங்கே மழை நின்றால்தான் அதிசயம். மலையை வெட்டிப் பட்டாளத்துக்கு ரோடு போடுகிறோம், மறுநாள் மலை சரிந்து ரோட்டை மூடுகிறது. லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்கக் கறுப்பர்கள். நம்மைவிடக் கறுப்பு, நம்மைவிட ஒரு முழம் உயரம். வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தனிச் சாப்பாட்டுக் கொட்டகை, இவர்களுக்குத் தனி. அதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அவர்களில் ஓடிஸ் என்று ஒருவன் எனக்குச் சிநேகிதன். ஏற்காட்டு எஸ்டேட் துரை வீட்டில் பாத்திரம் கழுவிக் கற்ற இங்கிலீசு இப்போதுதான் ஒரு நல்ல மனுசனோடு பேச உதவுகிறது. அவன் தாத்தா பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவர். மாட்டை வாங்குவது போல விலை கொடுத்து வாங்கிய அடிமை. எண்பது வருசத்துக்கு முன்னால் ஒருநாள், இனி யாரும் அடிமை இல்லை என்று சர்க்கார் உத்தரவு வந்ததாம். துரை வீட்டு முற்றத்தில் அதைப் படித்தார்களாம். எல்லாரும் ஆடிப் பாடி அழுதார்களாம். மறுநாள் காலையில் பசித்ததாம். நிலம் இல்லை, ஏர் இல்லை. வேறு துரைக்கு விற்றுவிட்ட பெண்டாட்டியைத் தேடித் தாத்தா ஊர் ஊராக அலைந்தார். அவள் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய துரை வாசலிலேயே வந்து நின்றார். துரை ஒரு காகிதத்தை நீட்டி, ‘வருசம் பூராவும் என் காட்டில் உழைக்கச் சம்மதம் என்று கீறல் போடு’ என்றானாம்.

இதைக் கேட்டபோது எனக்கு உன் நினைப்புதான். நீயும் உங்கள் நாடகக் கோஷ்டியும் எத்தனை காலத்துக்கு ராசா ராணி வேசமே கட்டுவீர்கள்? போன வருசம் ராணி வேசத்துக்காக மீசையை எடுத்துவிட்டு, அது முளைக்கிறவரை நீ தலையில் முக்காடு போட்டுத் திரிந்ததாக அத்தாயி சொல்லி எழுதிய கடுதாசியைப் படித்து இங்கே எல்லாரும் சிரித்தோம். இந்தக் கதையைக் கட்டிப் பார்.

சித்திரையில் பண்ணையத்தை விட்டுவிடுவதாகச் சொன்னாயே, அதில் உறுதிதானே? என் தங்கச்சி இன்னொரு வருசம் அந்தக் கட்டுத்தரையில் சாணி அள்ளக்கூடாது.

உன் மச்சான்
மாரியப்பன்

*

மல்லசமுத்திரம் பக்கம்
20 அக்டோபர் 1944

அன்பான மச்சானுக்குச் சடையன் கும்பிட்டு எழுதுவது. உங்கள் கடுதாசி நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி வந்து சேர்ந்தது. இங்கே யாவரும் சுகம். பாவாயிக்குச் சளி விட்டு வாய் அதிகமாகிவிட்டது.

கடுதாசியை அத்தாயிக்குப் படித்துக் காட்டினேன். பெண்டாட்டியைத் தேடி அலைந்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு நம் நாடக வாத்தியார் தீர்த்தகிரியிடம் எடுத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் போனேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்போதே ஆர்மோனியத்தைத் திறந்துவிட்டார். பங்குனியில் நம் ஊர் மாரியம்மன் நோன்புக்கு இதுதான் நாடகம். பெயரும் வைத்தாயிற்று: ‘விடுதலைக்கு மறுநாள்.’ தாத்தா வேசம் எனக்கு. மீசைக்கு ஆபத்தில்லை.

ஒரு இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். காகிதத்தில் கீறல் போட்டால் நம் சனத்துக்கு என்ன புரியும்? நம் ஊரில் சித்திரை முதல் நாள் என்ன நடக்கிறது? பண்ணையத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி களத்துக்குக் கூப்பிட்டு, தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு வேட்டி வைத்து நீட்டுகிறார். கை நீட்டி வாங்கினால் அந்த வருசம் முழுக்க அவருடைய ஆள். நாம் மட்டுமா, நம் பெண்டு பிள்ளையும்தான். வாங்கியபின் மாட்டேன் என்றவனை இந்தச் சீமையில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே என் நாடகத்தில் வெள்ளைத் துரையும் வெற்றிலைத் தட்டத்தைத்தான் நீட்டுகிறான். அமெரிக்காவில் வெற்றிலை உண்டா என்று எவனாவது கேட்டால் பபூன் பார்த்துக்கொள்வான்.

கடைசியில் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் என்ன உடுத்துவார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுவார்கள், அதையும் எழுதுங்கள்.

சித்திரை விசயம் உறுதி. வாத்தியார் அவருடைய சாயத் தொட்டியில் எனக்கு வேலை தருகிறார். அத்தாயிக்கு ராட்டையில் நூல் தார் சுற்றும் வேலை. குடிசை போட இடமும் காட்டிவிட்டார். பாவாயி ஆடு ஓட்டாமல் பள்ளிக்கூடம் போவாள்.

தங்கள் மாப்பிள்ளை
சடையன்

*

அஸ்ஸாம்
3 டிசம்பர் 1944

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது. சுகத்துக்குக் குறைவில்லை, காலில் அட்டை கடித்த புண் மட்டும் ஆறவில்லை. நோன்பு நாடகத்துக்கு நீங்கள் எல்லாம் திடமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

காகிதத்துக்குப் பதில் வெற்றிலை என்றதை ஓடிசிடம் சொன்னேன். வெற்றிலை என்றால் என்னவென்று காட்ட, பக்கத்து அஸ்ஸாமிக்காரரிடம் வாங்கிக் கொடுத்தேன். மென்று துப்பிவிட்டு, ‘இதற்குக் காகிதமே மேல்’ என்றான். ஆனால் சங்கதி அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நான் சொல்லி முடிக்கும்முன் தலையாட்டினான்.

தாத்தாவும் ஆட்களும் சாக்குத் துணிச் சட்டைதான் போடுவார்களாம். சாமி ஏசுதான், ஆனால் துரையின் ஏசு வேறு, தங்கள் ஏசு வேறு என்கிறான். கடைசியில் தாத்தா மறுத்தாரா என்று கேட்டேன். ஓடிஸ் லாரிச் சக்கரத்தைக் காலால் உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டான். நானும் மறுபடி கேட்கவில்லை.

உன் நாடகத்தில் அவர் மறுக்கட்டும் மாப்பிள்ளை. எங்கேயாவது ஒருவன் மறுக்கட்டும்.

மாரியப்பன்

*

மல்லசமுத்திரம் பக்கம்
28 ஜனவரி 1945

மச்சானுக்கு அநேக நமஸ்காரம். பொங்கல் நல்லபடி போயிற்று. நீங்கள் இல்லாத குறைதான். அத்தாயி உங்களுக்கென்று ஒரு கரும்பை எடுத்து வைத்து, அது காய்ந்தபின் மாட்டுக்குப் போட்டாள்.

ஒத்திகை மும்முரம். மறுக்கிற இடத்துக்கு நானே வசனம் எழுதிவிட்டேன். துரை தட்டத்தை நீட்டுவான். நான் இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பேன். பிறகு, ‘நேத்து வரைக்கும் இது உங்க கை. இன்னைக்கு இது என் கை. இது நீளாது’ என்று சொல்லித் திரும்பி நடப்பேன். அவ்வளவுதான், படுதா. வாத்தியாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நோன்பு நாடகம் மங்களத்தோடு முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு மழை வராது என்கிறார். கல்யாணமோ பட்டாபிசேகமோ இல்லாமல் மங்களம் எப்படிப் பாடுவது என்று அவர் கவலை. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊர் மேடை வேண்டுமென்றால் பண்ணாடி சின்னண்ணன் சம்மதிக்க வேண்டுமே. போய்க் கதையைச் சொன்னேன். என்ன ஆயிற்று தெரியுமா? அவர் அழுதுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘மனுசனை மனுசன் இப்படியா பண்ணுவான்? அந்த வெள்ளைக்காரன் நாசமாப் போவான் சடையா’ என்றார். சீமெண்ணெய்க்கு நாடே அலைகிற காலத்தில் இரண்டு கேஸ் லைட்டும் எண்ணெயும் தருகிறேன் என்றார். நான் வெளியே வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். வெற்றிலை நீட்டுகிற அதே களத்தில் நின்றும் அவருக்கு அவரைத் தெரியவில்லை.

நாடகம் நன்றாக வரும். நடுநடுவே பெரிய மனுசர்கள் மேடை ஏறித் துண்டு போர்த்தி மரியாதை செய்கிற தொல்லைதான் இருக்கிறது. அழுகிற காட்சியிலும் நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட வேண்டும். வாங்காவிட்டால் அந்த ஊரில் அப்புறம் ஆட முடியாது.

சித்திரை முதல் நாள் நான் களத்துக்குப் போக மாட்டேன். விடிந்ததும் வண்டி ஏறிவிடுவோம்.

சடையன்

*

அஸ்ஸாம்
25 பிப்ரவரி 1945

மாப்பிள்ளைக்கு. என் சுகத்துக்கு என்ன, ரோடு சீனா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால் எல்லாருக்கும் இரண்டு நாள் மிட்டாய். நீங்கள் சுகம்தானே?

பண்ணாடி அழுதார் என்றாய். நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மை அடிப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று நமக்குத் தெரியும். அழுகிறவரிடம் தெரியாது. கொஞ்சம் எட்டியே நில்.

உன் வசனத்தை ஓடிசுக்கு இங்கிலீசில் சொன்னேன். தமிழில் எப்படி என்று கேட்டான். இப்போது லாரியில் போகும்போது கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, ‘இது என் கை’ என்று கத்திக்கொண்டு போகிறான். கேட்கிறவர்கள் அவனுக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறார்கள். நாடகம் ஆனதும் எப்படி முடிந்தது என்று உடனே எழுது. எனக்காக மட்டுமில்லை, அவனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மாரியப்பன்

*

அஸ்ஸாம்
8 ஏப்ரல் 1945

மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும். நோன்பு முடிந்திருக்குமே. ஏன் ஒரு வரியும் இல்லை? யாருக்காவது உடம்பு சரியில்லையா? அம்மை கிம்மை வந்துவிட்டதா? தபால்காரன் மீது பழியைப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறேன். நாடகத்துக்குக் கூட்டம் வந்ததா என்றாவது எழுது.

மாரியப்பன்

*

அஸ்ஸாம்
2 மே 1945

சாமி, சடையா. சித்திரை பிறந்தும் கடுதாசி வரவில்லை. சாயத் தொட்டியில் கையை விட்டுவிட்டுப் பேனா பிடிக்க முடியவில்லையா? நீங்கள் ஜலகண்டாபுரத்தில் இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தீர்த்தகிரி வாத்தியார் விலாசத்துக்குப் போடுகிறேன். பாவாயி எழுதப் பழகியிருந்தால் ‘அ’ என்று ஒரு எழுத்து எழுதி அனுப்பச் சொல். அது போதும் எனக்கு.

மாரியப்பன்

*

ஜலகண்டாபுரம்
24 மே 1945

அண்ணனுக்கு அத்தாயி சொல்லி எழுதியது. எழுதுகிறவர் தீர்த்தகிரி வாத்தியார். உசுரோடு எல்லாரும் இருக்கிறோம், நீ பயப்படாதே. நீ போட்ட கடுதாசி வாத்தியாரிடம் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். பண்ணாடிச்சியிடம் ஒரு பொழுது கேட்டுக்கொண்டு, விடியுமுன் கிளம்பிப் பஸ் ஏறி வந்தேன். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும்.

அண்ணா, நாங்கள் இங்கே வரவில்லை. அதே ஊர்தான். அதே கட்டுத்தரைதான்.

நாடகம் ரொம்ப நன்றாக நடந்தது. அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வந்திருந்தது. இவர் தாத்தா வேசத்தில் பெண்டாட்டியைத் தேடிப் பாடியபோது பொம்பளைகள் எல்லாம் அழுதோம். விடியற நேரத்துக்குக் கடைசிக் காட்சி. துரை வேசக்காரன் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வேட்டி வைத்து நீட்டினான். இவர் கையை விரித்து, ‘இது நீளாது’ என்றார். இவர் திரும்பி நடக்கப் போகிறார், அப்போது முன்வரிசையிலிருந்து பண்ணாடி எழுந்து மேடைக்கு ஏறினார். கண்ணெல்லாம் தண்ணீர். அது பொய்த் தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். நேரே போய்த் துரை வேசக்காரன் கையிலிருந்து தட்டத்தைப் பிடுங்கினார். ‘அந்தப் பாவி கையில எதுக்குச் சாமி வாங்கற? நீ வாங்க வேண்டாம். இந்தா, நான் தாரேன், வாங்கு’ என்று நீட்டினார்.

சனம் கை தட்டிற்று அண்ணா. பபூன் அவர் பெயரைச் சொல்லி, மரியாதை செய்கிறார் என்று கூவினான். இவர் என்னைப் பார்த்தார். மரியாதையை வாங்காமல் எப்படி நிற்பது? வாங்கச் சொல்லி நானே தலையை ஆட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டார். உடனே வாத்தியார் மங்களம் பாடிவிட்டார். அன்றைக்கு ஊரே இவரைக் கொண்டாடியது. எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. புது ஊருக்குப் போய் உனக்கு விவரமாக எழுதலாம் என்று இவர் பேனாவைக்கூட மூட்டையில் கட்டிவிட்டார்.

சித்திரை முதல் நாள் ஆட்டை விற்று, அடுப்பை இடித்து, வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். பண்ணையத்து மேஸ்திரி பெரியசாமி வந்து, ‘ஏனப்பா, சாமானை எங்க ஏத்தற? எல்லாரும் இன்னைக்கு வாங்கறாங்க, நீதான் அன்னைக்கே வாங்கிட்டயே’ என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தோம். இவர் களத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

‘வெத்தலை, பாக்கு, வேட்டி, மூணும் இருந்துச்சா?’ என்றார்கள்.

‘இருந்துச்சுங்க.’

‘பண்ணாடி கையால குடுத்தாங்களா?’

‘ஆமாங்க.’

‘நீ வாங்குனயா?’

‘நாடகத்துலங்க.’

‘அம்மன் நோன்பு மேடையில, ஊரு பாக்க வாங்குன வெத்தலை அப்பா அது. அது நாடகமா?’

மேடையில் அத்தனை பேசுகிற மனுசன், கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பண்ணாடி கோபப்படவே இல்லை. ‘போகணும்னு இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சடையா. பாசமாத்தானே குடுத்தேன்’ என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

வாத்தியாரிடம் வந்து கெஞ்சினேன். வெற்றிலை வாங்கின ஆளை இழுத்துப்போனால் எந்தப் பண்ணாடியும் எங்களுக்கு மேடை தர மாட்டார் என்று சொல்லிவிட்டார். அவர்தான் இதை எழுதுகிறார், எழுதட்டும். இவர் உனக்கு எழுத மாட்டேன் என்கிறார். பேனாவை எடுத்து வைத்தால் எழுந்து போகிறார். நீ அவரைத் திட்டாதே அண்ணா. தலையை ஆட்டினவள் நான்.

அத்தாயி

மாரியப்பனுக்கு, தீர்த்தகிரி. தங்கச்சி சொன்னதில் ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை. எனக்கு ஐந்து பிள்ளைகள். தறிக்கு நூல் கிடைப்பதில்லை, நாடகம்தான் சோறு போடுகிறது.

*

அஸ்ஸாம்
15 ஜூன் 1945

மாப்பிள்ளைக்கு. சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

கடுதாசியைப் படித்துவிட்டுக் கம்பெனி ஆபீசரிடம் போய் லீவு கேட்டேன். ஊரில் யார் செத்தார்கள் என்றார். யாரும் சாகவில்லை, மாப்பிள்ளை வெற்றிலை வாங்கிவிட்டான் என்று இங்கிலீசில் எப்படிச் சொல்வேன்? சொல்லிப் பார்த்தேன். கல்யாணமா என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

கலெக்டருக்கு மனு எழுதலாம் என்று நினைத்தேன். வேடத்தில் வாங்கினது செல்லாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நடிப்புக்கு வாங்கினேன் என்று நீ மறுபடி ஒருமுறை கேட்டுப் பாரேன். அவர் அழுகிற மனுசன்தானே. இல்லையென்றால் அத்தாயியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு மலைக்கு ஏறிவிடு, எஸ்டேட்டில் யாராவது வேலை தருவார்கள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதுகிறேன், எனக்கே தெரிகிறது. என்னால் வேறொன்றும் முடியவில்லை. அத்தாயி தலையை ஆட்டினாள் என்றால், கதையை எழுதி அனுப்பினவன் நான். இரவில் தூக்கம் இல்லை.

ஓடிசின் கம்பெனி போன வாரம் கிளம்பிவிட்டது. லாரியில் ஏறுமுன் நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்டான். மறுத்துவிட்டார், ஊரே கை தட்டியது என்று சொன்னேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ‘என் தாத்தா சாகிறவரை வருசா வருசம் கீறல் போட்டார். ஒரு இடத்திலாவது மறுத்தாரே’ என்றான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாரியப்பன்

*

எருமப்பட்டி முகாம்
19 ஜூலை 1945

மச்சானுக்குச் சடையன் எழுதுவது. உங்கள் காலில் புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். பண்ணாடி கோபிக்கவில்லை. ‘உன்னை நான் என்னைக்காவது அடிச்சிருக்கேனா? அந்த வெள்ளைக்காரன் மாதிரியா நான்?’ என்றார். இல்லைங்க என்றேன். அது உண்மைதானே. ஏற்காட்டுக்குப் போகலாம். ஆனால் உங்கள் அக்கா தங்கைகள், என் தம்பி எல்லாரும் இந்தப் பண்ணையத்தில்தான் இருக்கிறார்கள். நான் போனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பாவாயி மறுபடி ஆடு ஓட்டுகிறாள். இப்போது பண்ணாடியின் ஆடு.

எருமப்பட்டியில் எதற்கு இருக்கிறேன் என்று நினைப்பீர்கள். பண்ணாடிக்கு இந்த நாடகம் மிகவும் பிடித்துவிட்டது. அவருடைய சம்பந்தி ஊர் இது. எங்கே நல்லது கெட்டது என்றாலும் எங்களைக் கூட்டிப்போகச் சொல்கிறார். அன்றைக்குக் காட்டு வேலை கிடையாது. அவரும் வில்வண்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார். கடைசிக் காட்சியில் எழுந்து வந்து தட்டத்தைப் பிடுங்கி நீட்டுகிறார். அவர் எழுந்திருப்பதற்காகவே சனம் காத்திருக்கிறது. அது நாடகத்தில் உள்ளதுதான் என்று இந்தப் பக்கத்தில் நினைக்கிறார்கள். வாத்தியாருக்கும் மங்களத்துக்குக் குறையில்லை, இந்த வருசம் மழையும் பெய்திருக்கிறது.

‘இது என் கை’ என்ற வசனத்தை ஒரு எழுத்து குறைக்காமல் சொல்கிறேன் மச்சான். அதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. முன்பெல்லாம் அவர் நீட்டியபின் கொஞ்சம் தயங்கி வாங்குவேன். நேற்று அவர் மேடைப் படியில் கால் வைக்கும்போதே என் கை நீண்டுவிட்டது. அந்த இடத்தில் நடிப்பு ரொம்ப இயற்கையாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சடையன்